ஊழ் என்று சொல்ல யாருக்கு உரிமை

செயலைத் திருந்தச் செய்தவனுக்கு அதன் பயன் வந்து சேராமற் போகும்போது அந்த இழப்புக்கு என்ன பெயர் இடுவது என்பது இந்தியச் சமயங்கள் அனைத்தும் ஏதோ ஒரு கட்டத்தில் எதிர்கொண்ட கேள்வியாகும். சமணமும் பௌத்தமும் அதனை வினை என்றன. ஆசீவகம் நியதி என்றது. சைவமும் வைணவமும் அருள் இன்னும் கனியாத நிலை என்று விளக்க முயன்றன. வள்ளுவர் ஊழுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். இந்த விவாதங்களில் எடுத்துக்காட்டாக வருபவர்கள் பெரும்பாலும் உழவன், வில்லாளி, வேள்வி செய்பவன் ஆகியோரே. விளையாட்டு வீரனை அந்த வரிசையில் நிறுத்தும் வழக்கம் தத்துவ நூல்களுக்கு இல்லை. ஆயினும் செயலும் பயனும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தை எண்களாகவே பதிந்து வைத்திருக்கும் துறை ஒன்று உண்டென்றால் அது கிரிக்கெட்தான்; அதிலும் சிறிய அணி ஒன்றுக்காகப் பதினைந்து ஆண்டுகள் முதல்தர ஆட்டம் ஆடி, நாட்டின் அணிக்குள் நுழையாமலே ஓய்வு பெற்றவரின் பெயருக்கு எதிரே அச்சாகியிருக்கும் எண்கள் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கும் அளவுக்கு வேறெதுவும் கூர்மையாக்குவதில்லை.

முதல்தர ஆட்டம் என்பது பதினொருவர் கொண்ட இரு அணிகள், ஒவ்வொன்றும் இரண்டு இன்னிங்ஸ் ஆடும் வாய்ப்புடன், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் மோதும் ஆட்டமாகும். 1947இல்தான் இதற்கு முறையான வரையறை பிறந்தது. இந்தியாவில் அதன் முதன்மை மேடையான ரஞ்சிக் கோப்பை 1934இல் சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளுக்கு இடையே நடந்த ஆட்டத்துடன் தொடங்கியது. திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த மாநிலத்தின் அணி 1951–52 பருவத்தில் அந்த மேடை ஏறியது. மாநிலம் கேரளமான பிறகு 1957–58 முதல் அணியும் கேரளம் என்று பெயர் மாறியது. அதற்குச் சற்று முன்புவரை திருவிதாங்கூர் தனக்கென நாணயமும் அஞ்சலும் அரசரும் கொண்ட நாடாகவே இருந்தது. ஆகவே கிரிக்கெட்டில் அதனை ஒரு சிறிய நாடு என்று அழைப்பது உவமை மட்டுமன்று, அதில் வரலாறும் உண்டு. அந்த அணியில் ஆடியவர்களிலிருந்து ஒருவர் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடுவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2001 டிசம்பரில் மொகாலியில் இங்கிலாந்துக்கு எதிராகப் பந்து வீசிய டினு யோஹன்னானே அவர்.

இந்தக் கேள்வியைக் கரமனையில் இருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அகத்தியமலைப் பகுதியில் பிறந்து கடலை நோக்கி இறங்கும் கரமனையாற்றின் கரையில், திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள இந்தப் பகுதி, தலைமுறைகளாகத் தமிழ் பேசும் அக்கிரகாரத் தெருக்களைக் கொண்டது. வீட்டுக்குள் தமிழும் தெருவில் மலையாளமும் வழங்குவது அங்கே இயல்பு. பாடலாசிரியர் நீலகண்ட சிவன் (1839–1900) தம் பிற்காலத்தைக் கழித்தது இந்தக் கரமனையில்தான். இளமையில் திருவனந்தபுரத்தில் வளர்ந்த பாபநாசம் சிவன் அவருடைய பாடல்களின் வழியே தம் பாதையைக் கண்டார் என்பர். நீலகண்ட சிவனின் பாடல்களில் இன்றும் மேடைகளில் அதிகம் ஒலிப்பது முகாரி ராகத்தில் அமைந்த ஒன்று. சிவனருள் எப்போது வரும் என்று கேட்பதே அதன் பொருள். அதில் அருள் வருமா வராதா என்ற ஐயம் இல்லை. நாள்தான் தெரியவில்லை. காத்திருத்தலை ஒரு சமய நிலையாகவே ஆக்கிக்கொண்ட பாடல் அது. தேசிய அணி அறிவிக்கப்படும் நாளில் வானொலியின் அருகே அமர்ந்திருந்த சிறிய மாநிலத்து ஆட்டக்காரர்களின் மனநிலைக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் அமைவது கடினம்.

திருவனந்தபுரத்தில் 1969இல் பிறந்த கே. என். அனந்தபத்மநாபனின் பெயர் அந்த நகரத்துத் தெய்வத்தின் பெயர். நம்மாழ்வார் ஒரு பதிகம் முழுவதும் பாடிய தலத்தின் பெயரும் அதனோடு பிணைந்தது. அவர் கேரள அணியின் லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். லெக் ஸ்பின் என்பது மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தை வலக்கை மட்டையாளரின் கால் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் திருப்பும் கலை. பந்தின் தையலுக்குக் குறுக்கே முதலிரு விரல்களைப் பரப்பி, மடக்கிய மோதிர விரலின் பக்கவாட்டில் தையலை நிறுத்தி, விடுவிக்கும் கணத்தில் அந்த விரலால் உந்தித் தள்ள வேண்டும். நாளுக்கு இருபது முப்பது ஓவர் வீசுபவருக்கு அந்த விரலின் ஓரத்தோல் தடித்து, பின் வெடித்து, மீண்டும் தடிக்கும். கயிற்றுப்பாய் விரித்த ஆடுகளத்தில் பந்து உயர எழும்பித் திரும்பும். புல்தரையில் அதே பந்து வழுக்கிச் செல்லும். இரண்டுக்கும் விரல் வேறு வேறு கணக்கு வைத்திருக்க வேண்டும். துலாமாத மழை ஆடும் நாட்களை விழுங்கிவிடும் ஊரில், 1984இல் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஒருநாள் ஆட்டத்தையே மழை கொண்டுபோன ஊரில், இந்தக் கணக்கைக் கற்பதற்குக் கிடைக்கும் நாட்களும் குறைவு. இத்தனைக்கும் நடுவே 1988க்கும் 2004க்கும் இடைப்பட்ட காலத்தில் 105 முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 344. இந்தியாவுக்காக அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

காரணம் எளிதாகச் சொல்லப்படுவதுதான். அவர் ஆடத் தொடங்கிய ஆண்டிலேயே, சேப்பாக்கத்தில் தம் முதல் டெஸ்டில் 16 விக்கெட் எடுத்த நரேந்திர ஹிர்வானி நாட்டின் லெக் ஸ்பின் இடத்தில் இருந்தார். 1990இல் அனில் கும்ப்ளே வந்தார். 2008இல் அவர் விலகியபோது அவரது டெஸ்ட் விக்கெட்டுகள் 619. கும்ப்ளே கர்நாடகத்தவர் என்பதும் இங்கே கருதத்தக்கது. அக்காலத்து ரஞ்சி ஆட்டங்கள் மண்டல முறையில் நடந்தன. அதாவது தென்மண்டலத்து மாநிலங்கள் முதலில் தமக்குள் மோதி, அவற்றுள் மேலே நின்றவை மட்டுமே அடுத்த கட்டத்துக்குச் சென்றன. கேரளத்தின் அண்டை வீட்டார் தமிழ்நாடும் கர்நாடகமும் ஐதராபாத்தும் ஆவர். மண்டலங்களுக்கு இடையிலான துலீப் கோப்பையில் இடம்பெறவும் இதே அண்டை வீட்டாரைத்தான் தாண்ட வேண்டும். ஒருவர் பிறந்த ஊர், அவருக்குக் கிடைக்கும் எதிரியையும் பார்வையாளரையும் மழையையும் முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறது. முன்பு செய்த வினைகளுள் இப்பிறவியில் பயன்தரத் தொடங்கிவிட்ட பகுதியைப் பிராரப்தம் என்பர் வேதாந்திகள். எய்துவிட்ட அம்பைத் திரும்ப அழைக்க முடியாது என்பது அதற்கு அவர்கள் தரும் உவமை. மண்டலமுறை ஏறத்தாழ அப்படி ஓர் அம்பாகவே நடந்துகொண்டது.

இதனை எப்படி விளக்குவது என்பதில் பழைய மரபுகள் ஒருமித்த கருத்துடையவை அல்ல. ஆசீவகரான மற்கலி கோசாலர், எறிந்த நூலுருண்டை தன் நூல் தீரும் மட்டும் உருண்டு பிரிவது போல் உயிர்களும் தமக்கு விதித்த அளவு சுழன்று முடியும் என்று கற்பித்ததாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. அந்தப் பார்வையில் பந்துவீச்சாளரின் பயிற்சிக்கும் தேர்வாளரின் முடிவுக்கும் வேறுபாடு இல்லை, இரண்டும் ஒரே நூலின் நீளம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது: செயலுக்கு நிலைக்களமாகிய அதிஷ்டானம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சி, ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வத்தை ஐந்தாவதாகவே வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. மற்ற நான்கும் கணக்கில் வந்த பிறகே அதன் பெயர் சொல்லப்படுகிறது. மேல்நாட்டுத் தத்துவத்தில் இந்தச் சிக்கல் வியக்கத்தக்க அளவு தாமதமாகவே தனிப்பெயர் பெற்றது. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அதனை அறவியல் சார்ந்த அதிர்ஷ்டம் என்று பெயரிட்டு விவாதித்தனர். ஒருவன் எந்தச் சூழலில் நிறுத்தப்படுகிறான் என்பதே அவனைப் பற்றிய மதிப்பீட்டைத் தீர்மானித்துவிடும் நிலையைச் சூழல்வழி அதிர்ஷ்டம் என்றார் நேகல்.

அதிர்ஷ்டம் என்ற அன்றாடச் சொல்லே மீமாம்சகர்களின் பட்டறையில் இருந்து வந்ததுதான். வேதத்தின் சடங்குப் பகுதியை ஆராய்ந்த மீமாம்சகர்கள் பயனை இரண்டாகப் பிரித்தனர்: கண்ணுக்குத் தெரிவது திருஷ்டம், தெரியாதது அதிருஷ்டம். வேள்விக்கு நெல்லைக் குத்த வேண்டும் என்று விதி உள்ளது. குத்தினால் உமி நீங்குகிறது, அது திருஷ்டம். நகத்தால் உரித்தாலும் உமி நீங்கும்தானே, பிறகு குத்தவே வேண்டும் என்று ஏன் விதிக்க வேண்டும் என்று கேட்டு, அந்த ஒழுங்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பயனும் பிறக்கிறது என்று விடை கூறினர். முதல்தர ஆட்டக்காரரின் வாழ்க்கைக்கு இந்தப் பிரிவு மிக நன்றாகப் பொருந்துகிறது. பந்து திரும்புவதும் மட்டையின் விளிம்பைத் தொடுவதும் ஸ்லிப்பில் நிற்பவரின் கையில் அடங்குவதும் செயலுக்குள்ளேயே இருக்கும் பயன். அவை உமி நீங்குவதைப் போல உடனே, வேறெவர் அனுமதியும் இன்றி நிகழ்கின்றன. நாட்டின் தொப்பி வேறொரு கையிலிருந்து, வேறொரு நாளில் வருவது. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் தொப்பி கிடைக்காதவரின் 344 விக்கெட்டுகளும் ஒரு தோல்விக்கதையின் புள்ளிவிவரமாகிவிடுகின்றன. தெய்வத்தால் ஆகாதபோதும் உடல் வருந்திய அளவுக்கு முயற்சி கூலி தந்தே தீரும் என்று வள்ளுவர் ஆள்வினையுடைமையில் சொல்லுவது இந்த முதல்வகைப் பயனைத்தான் என்று கொண்டால், ஊழ் அதிகாரத்தோடு அது முரண்படுகிறது என்று உரைகாரர்களும் பட்டிமன்றக்காரர்களும் நூற்றாண்டுகளாகப் பட்ட பாடு பெருமளவு தேவையற்றது.

பயன்கருதாமை என்பதும் இவ்விடத்தில் தெளிவு பெறுகிறது. விக்கெட் விழ வேண்டும் என்ற விருப்பமே இல்லாமல் பந்து வீசுபவர் துறவியாகமாட்டார், மோசமான பந்துவீச்சாளர் ஆவார். துறக்க வேண்டியது இரண்டாம் வகைப் பயனின் மீதான பிடிப்பை மட்டுமே. இதற்குத் திருவனந்தபுரத்தின் வரலாற்றிலேயே பெரிய எடுத்துக்காட்டு உள்ளது: 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் தாம் வென்று சேர்த்த நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித் தானமாக எழுதி வைத்து, அதன்பின் பத்மநாப தாசராக, அதாவது இறைவனின் அடியாராக இருந்து ஆட்சி செய்தார். அதில் அரசியல் கணக்கு இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. உடைமை கைமாறியது, ஆளும் வேலை கைமாறவில்லை என்பதே தத்துவ நோக்கில் முக்கியம். ஆனால் அந்தத் தானம் செல்லுபடியானதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கொடுத்தவர் தம்முடையதைக் கொடுத்தார். தன் பயனைத் தான் துறக்கலாம். பிறனுடைய பயனை அவனுக்காகத் தான் துறந்து புண்ணியம் தேடிக்கொள்ள எந்த சாத்திரமும் இடம் தரவில்லை.

சிறிய அணிகளின் ஆட்டக்காரர்களைப் பற்றிய பேச்சில் வழக்கமாக நேரும் பிழை இதுதான். வாய்ப்பு மறுக்கப்பட்டவர் தமக்குத் தாமே ஊழ் என்று சொல்லி அமைதி கொண்டால் அது அவருடைய ஞானம். அதே சொல்லைத் தேர்வுக்குழுவின் மேசையிலிருந்தோ, பத்திரிகைப் பத்தியிலிருந்தோ, வெற்றி பெற்றவரின் நினைவுக்குறிப்பிலிருந்தோ யாரேனும் சொன்னால் அது பொறுப்பைத் தெய்வத்தின் கணக்கில் எழுதுவதாகும். திருக்குறளின் அமைப்பே இதற்குச் சான்று தருகிறது. ஊழ் 38ஆம் அதிகாரமாக அறத்துப்பாலின் இறுதியில், தனி மனிதன் தன் வாழ்வை நோக்கும் இடத்தில் நிற்கிறது. பொருட்பாலில் அரசனை நோக்கிப் பேசும்போது வள்ளுவர் 51ஆம் அதிகாரத்தில் தெரிந்துதெளிதலையும் 52ஆம் அதிகாரத்தில் தெரிந்துவினையாடலையும் வைக்கிறார். ஆளை ஆராய்ந்து தேர்வதும் தேர்ந்தவனிடம் ஏற்ற வேலையை ஒப்படைப்பதும் அவற்றின் பொருள். அந்த இருபது குறள்களிலும் தேர்பவன் ஊழின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க வழியில்லை. தேர்பவனுக்கு உரிய அதிகாரங்கள் அவை. 38 அவனுக்கு உரியதன்று.

இதனால் தேர்வாளர்கள் எல்லா வேளையும் தவறிழைத்தனர் என்று கொள்வதும் பொருந்தாது. கும்ப்ளேயைத் தேர்ந்தெடுத்தது தவறென்று எவரும் வாதிட முடியாது. அரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 637 விக்கெட் எடுத்தவர். அவரும் மும்பையின் பத்மாகர் ஷிவல்கரும் பிஷன் சிங் பேடியின் காலத்தில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள். 1974இல் பெங்களூர் டெஸ்டுக்குப் பேடி விலக்கப்பட்டபோது கோயல் அணிக்கு அழைக்கப்பட்டார். ஆட்டத்தன்று பதினொருவரில் அவர் பெயர் இல்லை. பேடி இருந்ததால் இடமில்லை என்ற விளக்கம் அந்த ஒரு காலைப்பொழுதில் செல்லாது; அது யாரோ சிலர் கூடி எடுத்த முடிவு, அதற்கு யாரோ சிலர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஊழுக்கும் தேர்வுக்கும் இடையே கோடு கிழிப்பது இத்தகைய இடங்களில் சாத்தியமே.

கோடு வேறு விதமாக விழும் இடம் இலங்கை. தமிழரான மகாதேவன் சதாசிவம் (1915–1977) 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ரன் அடித்தார். அந்த இன்னிங்ஸை நேரில் பார்த்த சென்னைக்காரர்கள் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே அதை ஒரு தலபுராணமாக்கினர். இலங்கைக்கும், பின்னர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் அவர் தலைமை தாங்கினார். ஆனால் இலங்கை 1981இல்தான் டெஸ்ட் உரிமை பெற்று, 1982 பிப்ரவரியில் கொழும்பில் தன் முதல் டெஸ்டை ஆடியது. அதற்குள் சதாசிவம் மறைந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரை எந்தத் தேர்வாளரும் புறக்கணிக்கவில்லை. புறக்கணிப்பதற்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டுமே. கதவின் முன் நிறுத்தி வைக்கப்பட்டவருக்கும் கதவே கட்டப்படாத காலத்தில் வாழ்ந்தவருக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது இருவருக்கும் செய்யும் அநீதி. சதாசிவத்துக்கு ஊழ் என்பது ஏறக்குறைய சரியான சொல், மற்றவருக்கு அது சோம்பலான சொல்.

சிறிய அணிக்கும் எப்போதாவது அருள் இறங்குவதுண்டு. 2025 பிப்ரவரியில் கேரளம் புனேயில் ஜம்மு காஷ்மீருக்கு எதிரான காலிறுதியில் 200 ரன்னுக்கு 9 விக்கெட் இழந்திருந்தது. சல்மான் நிசாரும் பாசில் தம்பியும் கடைசி விக்கெட்டுக்கு 81 ரன் சேர்த்து ஒரே ஒரு ரன் முன்னிலை பெற்றுத் தந்தனர். சமனாகும் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸ் முன்னிலை பெற்ற அணியே முன்னேறும் என்பது ரஞ்சி விதி. அகமதாபாத்தில் நடந்த அரையிறுதியில் கேரளம் 457 எடுத்தது. குஜராத் 455ஐ எட்டிவிட்டது, கையில் ஒரு விக்கெட். ஆதித்ய சர்வதேயின் பந்தை அர்சான் நாக்வாஸ்வல்லா ஓங்கி அடித்தார். அது மட்டையாளருக்கு அருகே ஷார்ட் லெக்கில் குனிந்திருந்த சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் மோதி மேலெழுந்து, ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபியின் கைகளில் விழுந்தது. இரண்டு ரன் முன்னிலையில் கேரளம் முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. நாக்பூரில் விதர்பாவின் 379க்கு எதிராக 342 மட்டுமே எடுத்து, சச்சின் பேபி 98இல் ஆட்டமிழக்க, கோப்பை கைக்கு வரவில்லை.

ஹெல்மெட்டில் பட்ட பந்தை ஊழ் என்று கொண்டாடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2017க்கு முன்பு களத்தடுப்பாளர் அணிந்த ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்தால் மட்டையாளர் ஆட்டமிழக்கமாட்டார். அவ்வாண்டு விதிகளைத் திருத்தியபோதுதான் அது செல்லுபடியாகும் பிடி ஆனது. ஆக, தெய்வச்செயலாகத் தோன்றிய அந்தக் கணத்தின் பின்னே மனிதர்கள் கூடி எழுதிய ஒரு விதி இருந்தது. தலையை அவ்வளவு அருகில் கொண்டுபோய் வைத்த ஒரு மனிதரும் இருந்தார். நாக்வாஸ்வல்லாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே பந்து வேறு பெயர் பெறும். அருள் என்ற சொல்லை எதிரணியும் ஏற்குமா என்று கேட்டுப் பார்ப்பது சமயவாதிகளுக்கு நல்ல பயிற்சி.

பயன் செயலிலிருந்தே தானாக விளைகிறதா, அதனை வழங்க ஒருவர் வேண்டுமா என்பதில் பிரம்மசூத்திரம் இரு கருத்துகளைப் பதிவு செய்கிறது: அறமே பயனைத் தரும் என்பது ஜைமினியின் கருத்து, இறைவனே வழங்குகிறான் என்பது பாதராயணரின் முடிவு. வைணவத்தில் இந்தக் கேள்வி இன்னொரு வடிவம் எடுத்தது. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல உயிரின் பக்கமிருந்தும் ஒரு சிறு முயற்சி வேண்டும் என்றது வடகலை. வாயில் கவ்விச் செல்லும் தாய்ப்பூனையிடம் குட்டி ஒன்றும் கேட்பதில்லை என்றது தென்கலை. கிரிக்கெட் விதி 31 இதில் ஐயமின்றி வடகலைக் கட்சி: களத்தில் இருப்போர் முறையிடாமல் நடுவர் எவரையும் ஆட்டமிழந்ததாக அறிவிக்கக் கூடாது. பந்து காலில் பட்டது, நேராகக் குச்சியை நோக்கித்தான் சென்றது என்று நடுவருக்குத் தெரிந்தாலும், ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அவர் அசையாமல் நிற்க வேண்டும்.

அனந்தபத்மநாபன் ஆட்டத்திலிருந்து விலகிய பின் நடுவரானார். 2020இல் சர்வதேச நடுவர் குழுவில் இடம்பெற்றார். மட்டையும் பந்தும் தராத சர்வதேசக் களத்தை வெள்ளைத் தொப்பி தந்தது. இன்று அவர் நிற்பது தாம் 344 முறை வெற்றி கண்ட அதே முனையில், சில அடிகள் பின்னால். அவருக்கு முன்னே யாரோ ஓர் இளைஞன் மோதிர விரலின் ஓரத்தில் தையலை நிறுத்தி ஓடி வருகிறான், பந்து திரும்பிக் காலில் படுகிறது, அவன் இரு கைகளையும் விரித்துத் திரும்பி அவரைப் பார்த்துக் கேட்கிறான்.